உறுமலும் ஒரு பாட்டா?

உங்கள் வீட்டுத் துணிக்கொடியில் ஒரு கறுப்புச் சட்டை காய்கிறதா? அதன் நெஞ்சில், பிடுங்கிப் போட்ட லாலாங் புல்லின் வேர்போல, எந்தப் பக்கம் திருப்பினாலும் படிக்க முடியாத எழுத்தில் ஏதோ ஒரு பெயர் பின்னிக் கிடக்கிறதா? மகனுடைய அறையிலிருந்து மாடு கத்துகிறதா மனிதன் கத்துகிறானா என்று பிரித்தறிய முடியாத ஓசை வருகிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். மற்றவர்களும் படித்து வையுங்கள். அடுத்த வீட்டுக்காரருக்காவது உதவும்.

எங்கள் தோட்டத்து அம்மாள் ஒருவர் ஒரு நாள் மாலை என்னைத் தேடி வந்தார். அவருக்கு இரண்டு பையன்கள். மூத்தவனுக்கு இருபத்து நான்கு வயது. தினமும் மோட்டாரில் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். இளையவன் மூன்றாம் படிவம். "சார், பெரியவன் உங்ககிட்ட படிச்ச பையன்தானே, ஒரு வார்த்தை சொல்லுங்க. பேய்ப் பாட்டு கேக்கறான். பாட்டு போடற இடத்துக்கெல்லாம் ராத்திரியில போறான். இப்போ சின்னவனும் அதே சட்டையைக் கேக்கறான். எல்லாத்தையும் எண்ணெய் ஊத்திக் கொளுத்திடலாம்னு இருக்கேன்" என்றார்.

பார்க்காத ஒன்றைப் பற்றிப் பையனிடம் என்ன பேசுவது? "ஒரு வாரம் பொறுங்கள் அம்மா. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்றேன். அந்தச் சனிக்கிழமை அவனோடு சிங்கைக்குப் போய் வந்தேன். அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அவற்றைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தகடு வெட்டும் ஆலையிலிருந்து

'மெட்டல்' என்றால் உலோகம். இந்த இசையின் வேரைத் தேடினால் நிஜமாகவே உலோகம் வெட்டிய இடத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் ஒரு தொழிற்சாலை நகரம். 1965ஆம் ஆண்டில் டோனி அயோமி என்ற பதினேழு வயது இளைஞர் அங்கே தகட்டு ஆலை ஒன்றில் வேலை பார்த்தார். கித்தார் வாசிப்பதே தொழில் என்று முடிவு செய்து வேலையை விட்டுவிட்டார். அன்று கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், இனிப் போகவில்லை என்றாராம். தாயார்தான், போய் ஒழுங்காக வேலையை முடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார். அந்தப் பிற்பகல் இயந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளையும் எடுத்துக்கொண்டது. அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். கித்தாரின் தந்திகளை அழுத்த வேண்டிய கை அந்த வலக்கைதான்.

நம் தோட்டங்களில் கத்தியிலோ இயந்திரத்திலோ விரலைக் கொடுத்தவர்கள் எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம்! அந்த இளைஞர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. ஆலையின் மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். அது ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவர் வாசித்தது. தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் கித்தாரில் பெயர் பெற்ற மேதை அவர். அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரல் நுனிக்குத் தொப்பிபோல் செய்து, அதன்மேல் தோல் ஒட்டிக்கொண்டார். தந்தி இறுக்கமாக இருந்தால் அந்தப் பொய் விரலால் அழுத்த முடியவில்லை. மெல்லிய தந்திகளைப் போட்டார். பின்னர் சுருதியையும் இறக்கித் தளர்த்தினார். தளர்ந்த தந்தியிலிருந்து கனத்த, இருண்ட நாதம் வந்தது. 1970ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் அவருடைய 'பிளேக் சபாத்' குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அந்தக் குழுவில் பாடிய ஓசி ஆஸ்போர்ன் அதற்குமுன் ஆடுமாடு வெட்டும் தொட்டியில் வேலை செய்தவர். தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் தொழிற்சாலைக் காதோடு உண்டாக்கிய இசை இது. அந்தக் குழு 2025 ஜூலை 5ஆம் நாள் அதே பர்மிங்ஹாமில் தன் கடைசி நிகழ்ச்சியை நடத்தியது. பதினேழு நாள் கழித்து ஆஸ்போர்ன் காலமானார்.

அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள், சுருதியை இன்னும் இறக்கினார்கள், பாட்டை உறுமலாக்கினார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 'டெத் மெட்டல்' வளர்ந்தது. பர்மிங்ஹாம் பக்கத்திலேயே 'நேபாம் டெத்' என்ற குழு 1987இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. அதில் ஒரு பாட்டு 1.316 விநாடிதான் ஓடுகிறது. கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. நீங்கள் தும்மி முடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும். இப்படிப்பட்டவை எல்லாவற்றுக்கும் சேர்த்து 'எக்ஸ்ட்ரீம் மெட்டல்' என்று பெயர்.

கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. நார்வே நாட்டில் 'பிளேக் மெட்டல்' இளைஞர்கள் சிலர் 1992 முதல் பழைய மரத் தேவாலயங்களுக்குத் தீ வைத்தார்கள். 1993இல் ஒரு கொலையும் நடந்தது. பத்திரிகைகளில் உலகம் முழுக்கப் பரவிய செய்தி அது. பெற்றோர் பயப்படுவதில் வியப்பில்லை.

சிங்கையின் ருத்ரா

அந்தப் பையனின் சட்டைகளில் ஒன்றில் இருந்த பெயரை மட்டும் என்னால் படிக்க முடிந்தது: ருத்ரா. விசாரித்தபோதுதான் தெரிந்தது, அது வெள்ளைக்காரக் குழு அல்ல. 1992இல் சிங்கப்பூரில் நம் இந்திய இளைஞர்கள் தொடங்கிய குழு. முன்னின்று பாடி 'பேஸ்' கித்தார் வாசிக்கும் கதிரேசன் வேதாந்தம் பயின்றவர். 1998இல் முதல் இசைத்தட்டு வந்தது. 2003இல் வந்ததன் பெயர் 'குருஷேத்ரா'. பிறகு 2005, 2009, 2011 ஆண்டுகளில் 'பிரம்மவித்யா' என்ற தலைப்பில் மூன்று. 2022இல் எட்டு மகாவித்யாக்கள் என்ற பொருளில் ஒன்று. ஆங்கிலப் பாட்டுக்கு நடுவே சமஸ்கிருத மந்திரங்கள் வருகின்றன. இதற்கு 'வேதிக் மெட்டல்' என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். சிங்கப்பூர் தேசியக் கல்விக் கழகத்தைச் சேர்ந்த இசைப் பேராசிரியர் ஒருவர் 2009இல் இந்தக் குழுவையும் தென்னிந்தியச் சமூகத்தையும் பற்றி ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

நான் போன அன்று ருத்ரா மேடையேறவில்லை. பையன் தன் கைப்பேசியில் போட்டு, கருவியை என் காதில் மாட்டிவிட்டான். மந்திரம் தெளிவாகக் கேட்டது. அடுத்த விநாடி இடி விழுந்தது. மந்திரத்தை இப்படி ஒரு சத்தத்துக்குள் கொண்டுபோய் வைக்கலாமா என்று கேட்டால், எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. ஆனால் பெயர்ப்பொருத்தத்தை மறுக்க முடியாது. ருத்ரன் என்ற சொல்லுக்கே அலறுபவன், முழங்குபவன் என்றுதான் பொருள் சொல்கிறார்கள். நாமும் காளியைச் சாந்தமாக மட்டும் வழிபடுகிறவர்கள் இல்லையே. நாக்கைத் தொங்கவிட்டு, மண்டையோட்டு மாலையோடு நிற்கும் அம்மன் முன்னால்தானே கற்பூரம் கொளுத்துகிறோம். அதே படத்தைக் கறுப்புச் சட்டையில் பார்த்தால் மட்டும் நமக்கு உடம்பு நடுங்குகிறது.

உள்ளே நடந்தது

சனிக்கிழமை மாலைக் கடற்பாலத்தின் நெரிசலைப் பற்றி ஜொகூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருவழியாகக் கடப்பிதழைக் காட்டிக் கடந்து போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. கிடங்கு மாதிரி ஒரு கூடம். இருநூறு பேர் இருக்கலாம். நாற்காலி கிடையாது. மலாய், சீன, இந்திய இளைஞர்கள் கலந்து நின்றார்கள். தலைக்குத் துண்டணிந்த மலாய்ப் பெண்கள் இருவர் முன்வரிசையிலேயே இருந்தார்கள். இப்படி மூன்று இனமும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு தோளோடு தோள் நிற்பதைப் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு வெளியே நான் பார்த்ததில்லை. என் வெள்ளைச் சட்டைதான் அங்கே கொக்குபோல் தனியாகத் தெரிந்தது. ஒருவன் என்னைப் பார்த்து, "அங்கிள், பின்னால தூணுக்குப் பக்கத்தில நின்னுக்குங்க, அங்கே இடிபட மாட்டீங்க" என்று இடம் காட்டினான்.

முதல் குழு தொடங்கியதும் ஓசை காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. விலா எலும்பு அதிர்கிறது. கால்சட்டைத் துணி அதிர்கிறது. முதல் பத்து நிமிடம் எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல்தான். பிறகு மெல்ல மெல்லக் காது பிரித்தெடுக்கத் தொடங்கியது. டிரம்ஸ் வாசிப்பவருக்கு இரண்டு காலுக்கும் இரண்டு மிதி. நிமிடத்துக்கு இருநூறுக்கும் மேற்பட்ட அடிகள் இடைவிடாமல் விழுகின்றன. இரண்டு கையும் இரண்டு காலும் நான்கு வேலை செய்கின்றன. தவில் வித்துவானின் தனி ஆவர்த்தனத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், இந்த வேகம் வெறியால் வருவதில்லை, கணக்கால் வருவது. குழுவில் அத்தனை பேரும் ஒரே இடத்தில் சட்டென்று நிறுத்தினார்கள். அந்த அரை விநாடி மௌனத்தில் கூடத்தில் மின்விசிறி சுற்றும் ஓசை கேட்டது. மறுபடி ஒன்றாக விழுந்தார்கள். பயிற்சியில்லாதவர்களால் இது முடியாது.

பாட்டு? ஒரு சொல்கூடப் புரியவில்லை. பையனிடம் காதோடு வாய் வைத்து, "என்னப்பா பாடுகிறான்?" என்று கத்தினேன். அவன் திருப்பிக் கத்தினான்: "நம்ம உறுமி மேளத்தில சொல்லு கேட்டா சார் சாமி வருது?"

பதில் சொல்ல முடியவில்லை. உறுமுவதால்தானே அந்த வாத்தியத்துக்கே உறுமி என்று பெயர். வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து எழுப்பும் அந்த அடிக்குரல் இல்லாமல் நம் தைப்பூசக் காவடி நகர்கிறதா?

இந்தக் குரலைத் தொண்டையைக் கிழித்துக் கத்துவது என்று நினைக்காதீர்கள். நாம் பேசும் குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னும் இரண்டு மடிப்புகள் இருக்கின்றன. பொய்க் குரல்நாண்கள் என்பார்கள். அவற்றை அதிரவைத்துத்தான் இந்த உறுமலை எழுப்புகிறார்கள். துவா நாட்டு மேய்ப்பர்களின் அடித்தொண்டைப் பாட்டிலும் இந்த மடிப்புகள்தான் வேலை செய்கின்றன. மூச்சு அடிவயிற்றிலிருந்து வர வேண்டும். முறை தெரியாமல் செய்தால் குரல் போய்விடும். நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது, சற்றுமுன் சிங்கம்போல் உறுமிய பாடகர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து பொட்டலத்து மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, மென்மையான குரலில் "வந்ததுக்கு நன்றி அங்கிள்" என்றார்.

முட்டுவதும் தூக்குவதும்

நடுக்கூடத்தில் நடந்ததுதான் பெற்றோரைக் கலங்க வைக்கும். இரண்டாவது குழு வாசிக்கும்போது கூட்டம் தானாக விலகி வட்டம் விட்டது. அதற்குள் பத்துப் பதினைந்து பேர் ஓடி, ஒருவர்மேல் ஒருவர் தோளால் முட்டிக்கொண்டார்கள். 'மோஷ்' என்கிறார்கள். சண்டை மூண்டுவிட்டது என்றே நினைத்தேன். அப்போது ஒருவன் தடுக்கி விழுந்தான். அவன் முழங்கால் தரையில் படுவதற்குள் ஆறேழு கைகள் அவனைத் தூக்கி நிறுத்திவிட்டன. யாரோ ஒருவனின் ஒற்றைச் சப்பாத்து கழன்று போயிற்று. அதை ஒருவன் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டே நின்றான், சொந்தக்காரன் வந்து வாங்கும் வரையில். விழுந்தவனைத் தூக்கு என்பது அங்கே எழுதாத சட்டம் என்று பையன் சொன்னான். அடிபடுவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். உதடு கிழிந்த ஒருவனைப் பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2013இல் இதைக்கூட விட்டுவைக்கவில்லை. படச்சுருள்களைப் பார்த்துக் கணக்கிட்டு, இந்த வட்டத்துக்குள் மனிதர்கள் ஒரு புட்டிக்குள் அடைத்த வாயுவின் துகள்கள்போல் நகர்கிறார்கள் என்று எழுதினார்கள். ஐந்தாம் ஆண்டுக்கு வாயு பற்றிப் பாடம் நடத்தும்போது இந்த உதாரணத்தைச் சொல்லலாமா என்று யோசித்தேன். தலைமையாசிரியர் என்ன சொல்வாரோ!

இந்தப் பாட்டைக் கேட்டால் கோபம் வளருமா? ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2015இல் வெளியான ஆய்வில், இதைக் கேட்கும் பழக்கமுள்ள 39 பேருக்கு வேண்டுமென்றே கோபத்தை மூட்டிவிட்டு, பாதிப் பேரைப் பத்து நிமிடம் அவர்களுக்குப் பிடித்த இந்த இசையைக் கேட்க விட்டார்கள். மீதிப் பேரைச் சும்மா உட்கார வைத்தார்கள். கேட்டவர்களுக்குக் கோபம் கூடவில்லை. எரிச்சல் இரு பக்கமும் தணிந்தது, கேட்டவர்களுக்கு உற்சாகமும் கூடியது. 39 பேர் என்பது சின்னத் தொகைதான். ஆனாலும் அன்றிரவு நான் பார்த்ததற்கு அது ஒத்துவருகிறது. வாரம் ஆறு நாள் இயந்திரத்தின் முன் பேசாமல் நின்ற பையன்கள், வெளியே வந்தபோது வியர்வையில் நனைந்து, குழந்தைகள்போல் முகம் தெளிந்திருந்தார்கள்.

நம் நாட்டில் இந்த இசை பட்ட பாடும் உண்டு. 2001இல் 'பிளேக் மெட்டல்' பரபரப்பு எழுந்து, பள்ளி மாணவர்கள்கூட விசாரிக்கப்பட்டார்கள். 2005 டிசம்பர் 31ஆம் நாள் கோலாலம்பூரில் ஓர் இசை நிகழ்ச்சியில் போலீசார் புகுந்து 300க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த மாதமே, முஸ்லிம்கள் பிளேக் மெட்டலில் ஈடுபடக் கூடாது என்று தேசிய ஃபத்வா மன்றம் முடிவு சொன்னது. 2013இல் அமெரிக்காவின் 'லேம்ப் ஆஃப் காட்' குழுவுக்குக் கோலாலம்பூரில் அனுமதி கிடைக்கவில்லை. சிங்கப்பூரில் 2019 மார்ச் 7ஆம் நாள், சுவீடன் நாட்டு 'வத்தேன்' குழுவின் நிகழ்ச்சி தொடங்கச் சில மணி நேரமே இருக்கும்போது தடை செய்யப்பட்டது. ஆனால் பக்கத்து இந்தோனேசியாவில், 2014 முதல் 2024 வரை அதிபராக இருந்த ஜோக்கோ விடோடோ நேபாம் டெத்தின் ரசிகர்! ஜகார்த்தா ஆளுநராக இருந்தபோது 2013இல் மெட்டாலிகா குழுவினர் ஒரு கித்தாரை அவருக்கு அன்பளிப்பாக அனுப்பினார்கள். அதை அவர் ஊழல் ஒழிப்பு ஆணையத்திடம் ஒப்படைத்துவிட்டார்.

ஊர் திரும்பியதும் அந்த அம்மாளைப் போய்ப் பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "குடிச்சானா சார்?" இல்லை, நூறு பிளஸ்தான் குடித்தான் என்றேன். இரண்டாவது கேள்வி, "சின்னவனைக் கூட்டிக்கிட்டுப் போவானா?" அதற்குப் பையன் முன்னிலையிலேயே ஓர் ஏற்பாடு செய்தோம்: எஸ்.பி.எம். முடியும்வரை இளையவன் வீட்டில் கேட்கலாம், நிகழ்ச்சிக்குப் போகக் கூடாது. சட்டைகள் தப்பித்தன. ஆனால் அவற்றை லயத்தின் முன்பக்கக் கொடியில் காயப்போடக் கூடாது என்பது அம்மாளின் உத்தரவு.

பயப்பட வேண்டியது எதற்கு?

பெற்றோர்களே, நீங்கள் பேய்க்குப் பயப்படுகிறீர்கள். நான் பயப்படுவது காதுக்கு.

எட்டு மணி நேரம் தாங்கக்கூடிய ஓசை 85 டெசிபெல் என்பது தொழில் சுகாதார நிபுணர்களின் கணக்கு. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் தாங்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. 100 டெசிபெல் என்றால் கால் மணி நேரம்தான். இப்படிப்பட்ட நிகழ்ச்சியோ நூறைத் தாண்டி மூன்று மணி நேரம் ஓடும். உள்காதில் ஓசையை வாங்கும் நுண்ணிய மயிரணுக்கள் இருக்கின்றன. செத்தால் செத்ததுதான், மனிதக் காதில் அவை திரும்ப முளைப்பதில்லை. நிகழ்ச்சி முடிந்த இரவு காதில் 'கீ' என்று ஓர் ஓசை நிற்காமல் கேட்டால், காது அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். மறுநாள் ஓசை நின்றுவிட்டதே என்று திருப்தி அடைய வேண்டாம். கழுத்தும் அப்படித்தான்: தலையை மேலும் கீழும் வீசி ஆடுவதைப் பற்றி 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எழுதியபோது, இந்த வகைப் பாட்டின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 146 தட்டு, அந்த வேகத்தில் 75 பாகைக்குமேல் தலையை வீசினால் தலைக்கே ஆபத்து என்றார்கள்.

பையன் இதில் கெட்டிக்காரன். கூடத்துக்குள் நுழைவதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து இரண்டு நுரையடைப்பான்களை எடுத்து என்னிடம் கொடுத்து, தானும் மாட்டிக்கொண்டான். "காலையில மெஷின் சத்தத்துக்கு கம்பெனியில குடுக்கறது சார், அதையே ராத்திரிக்கும் வெச்சுக்கறேன்" என்றான். அங்கே நின்றவர்களில் பாதிப் பேருக்குமேல் காதில் ஏதும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட விதிமுறை, இசைக் கூடங்களில் ஓசையின் சராசரி 100 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது, வருகிறவர்களுக்குக் காதடைப்பான் கிடைக்க வேண்டும், சற்று ஒதுங்கிக் காதுக்கு ஓய்வு தர அமைதியான இடம் இருக்க வேண்டும் என்கிறது.

இதே அளவுகோலை நம் பக்கமும் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். தோட்டத்துத் திருவிழாவில் ஆளுயர ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே நாம் யாரை உட்கார வைக்கிறோம்? பாலர் பள்ளிப் பிள்ளைகளை. உறுமி மேளக் குழுவில் வாரந்தோறும் அடிக்கும் பையன்கள் யாராவது காதில் எதையாவது வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? தோளில் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கப் புல் வெட்டுகிறவர்கள்?

நுரையடைப்பான் ஒரு ஜோடி மருந்துக் கடையில் சில வெள்ளிக்குள் கிடைக்கும். அதை விரலால் மெல்லியதாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலே இழுத்து, உள்ளே செருகி, அது உப்பி அடைத்துக்கொள்ளும்வரை அரை நிமிடம் விரலை எடுக்காமல் பிடித்திருக்க வேண்டும். சும்மா துவாரத்தில் ஒட்டவைத்தால் பயனில்லை. சரியாக மாட்டினால் பாட்டு கேட்கத்தான் செய்யும்; இரைச்சல் வடிந்து, டிரம்ஸ் அடியும் கித்தாரும் தனித்தனியே பிரிந்து வரும்.